சமநிலை விதிகளின் கீழ் ஒரு பந்தயக் காரை வளர்த்தெடுப்பது எப்படி

ஃபார்முலா 1 பந்தயத்தில் ஒரு பொறியாளர் ஒரு சுற்றுக்குப் பத்தில் இரண்டு நொடி மிச்சப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தால், மற்றவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வரை அந்த ஆதாயம் அவருடைய அணிக்கே சொந்தம். ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில், சாலைக் கார்களிலிருந்து உருவாகும் ஜிடி3, உச்ச வகுப்பான ஹைப்பர்கார் ஆகிய வகுப்புகளில் நிலைமை வேறு. அதே பத்தில் இரண்டு நொடி அங்கே நேர அட்டவணையில் பளிச்சென்று தெரிந்துவிட்டால், பின்னர் வரும் ஏதாவதோர் அறிவிப்பில் கூடுதல் எடையாகவோ சக்திக் குறைப்பாகவோ அது திரும்பப் பெறப்பட்டுவிடும். இதைச் செய்யும் விதித் தொகுப்புக்கு பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ் என்று பெயர். பந்தய வட்டாரத்தில் எல்லோரும் பிஓபி என்றுதான் சொல்வார்கள். இந்த விதி ஆளும் வகுப்பில் ஒரு காரை வடிவமைக்கும்போதும் மேம்படுத்தும்போதும் எதில் பணத்தையும் நேரத்தையும் போட வேண்டும், எதை மனம் துணிந்து விட்டுவிட வேண்டும் என்பதை, பொறியியல் மாணவர்களுக்கும் சிறிய அணிகளில் பணிபுரிபவர்களுக்கும் பயன்படும் விதத்தில் இங்கே விளக்க முயல்கிறேன்.

அடிப்படை விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். பிஓபி காரின் உச்ச வேகத்தை மட்டம் தட்டுகிறது. அந்த வேகத்தை எவ்வளவு நேரம், எத்தனை விதமான நிலைமைகளில், எத்தனை விதமான ஓட்டுநர்களின் கையில் கார் தக்கவைத்துக்கொள்கிறது என்பதை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே வளர்ச்சிப் பணி முழுவதும் உச்சத்திலிருந்து விலகி, அந்தத் தக்கவைக்கும் திறனை நோக்கித் திரும்ப வேண்டும்.

விதி எதைத் தொடுகிறது என்று முதலில் கணக்கெடுங்கள்

ஜிடி3 வகுப்பு 2006இல் ஸ்டீஃபன் ராட்டெலின் முயற்சியில் தொடங்கியபோதே பிஓபி அதன் அடித்தளமாக இருந்தது. பின்புறம் எஞ்சின் வைத்த போர்ஷே 911, நடுவில் எஞ்சின் வைத்த ஃபெராரி, முன்புறம் எஞ்சின் வைத்த மெர்சிடிஸ் ஆகியவற்றை ஒரே பந்தயத்தில் நிறுத்த வேண்டுமானால் வேறு வழி கிடையாது. சாலையில் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள பென்ட்லி காண்டினென்டல், ஏறத்தாழ 1300 கிலோ எடையுள்ள பந்தயக் காராக மாறி அந்தக் கூட்டத்தில் சமமாக நிற்க முடிந்ததும் இந்த விதியால்தான்.

சமன்படுத்தும் கருவிகள் பல. குறைந்தபட்ச எடையை ஏற்றலாம், இறக்கலாம். டர்போ இல்லாமல் இயற்கையாகக் காற்றை இழுக்கும் எஞ்சினுக்கு, காற்று நுழையும் வழியைச் சுருக்கும் ரெஸ்ட்ரிக்டரின் விட்டத்தை மாற்றலாம். டர்போ எஞ்சினுக்கு ஒவ்வொரு சுழல்வேகத்திலும் எவ்வளவு பூஸ்ட் அழுத்தம், அதாவது டர்போ உள்ளே திணிக்கும் காற்றழுத்தம், அனுமதி என்று ஓர் அட்டவணை தரலாம். தரையிலிருந்து காரின் குறைந்தபட்ச உயரம், பின் இறக்கையின் கோணம், எரிபொருள் கொள்ளளவு ஆகியவற்றையும் நிர்ணயிக்கலாம். ஹைப்பர்கார் வகுப்பில் இன்னொரு படி மேலே போய், சக்கரங்களை இயக்கும் தண்டுகளிலேயே, சுழற்றும் விசையை அளக்கும் டார்க் சென்சார் பொருத்தி, எஞ்சினிலிருந்து உண்மையில் எவ்வளவு சக்தி சக்கரத்துக்குப் போகிறது என்பதை நேரடியாக அளக்கிறார்கள். நீண்ட நேரப் பந்தயங்களின் தொடரான உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் 2024 முதல் ஓடும், எல்எம்ஜிடி3 என்ற ஜிடி3 வகைக் கார்களிலும் இதே முறை வந்துவிட்டது.

நீங்கள் பங்கேற்கப்போகும் தொடரின் தொழில்நுட்ப விதிகளையும் கடந்த ஒரு பருவத்தின் பிஓபி அறிவிப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில், விதி நேரடியாக ஓர் எண்ணைக் கொடுத்துவிடும் விஷயங்களை எழுதுங்கள்: சக்தி, எடை, உயரம் போன்றவை. இரண்டாவதில், விதி எண் கொடுக்காவிட்டாலும் அதிகாரிகள் அளந்து பார்த்துப் பின்னர் ஈடுசெய்யக்கூடியவற்றை எழுதுங்கள்: நேர்கோட்டு வேகம், சிறந்த சுற்று நேரம், பகுதி நேரங்கள். மூன்றாவதில், அளக்கக் கடினமானவற்றையோ அளந்தாலும் அணியின் திறமை என்று விட்டுவிடப்படுபவற்றையோ எழுதுங்கள்: டயர் தேய்மானம், குளிர்ந்த டயரில் முதல் சுற்று, மற்றொரு காரின் பின்னால் ஓடும்போது ஏற்படும் இழப்பு, விபத்துக்குப் பின் பழுது நீக்க ஆகும் நேரம், மழையில் காரின் நடத்தை. செலவுத் திட்டத்தை மூன்றாவது பத்தியிலிருந்து தொடங்கி முதல் பத்தியை நோக்கி எழுதுவதுதான் சரி. புதிதாக வருபவர்களுக்குப் பழக்கத்தின் காரணமாக முதல் பத்தியில்தான் கண் போகும்.

சாளரத்தின் நடுவில் நில்லுங்கள்

ஹைப்பர்கார் விதிகள் டவுன்ஃபோர்ஸுக்கும் (காற்று காரைத் தரையில் அழுத்தும் விசை) டிராக்குக்கும் (காற்றின் எதிர்ப்பு) மேல், கீழ் எல்லைகளை வகுத்து, அந்தச் சாளரத்துக்குள் கார் விழ வேண்டும் என்று கேட்கின்றன. குறைந்தபட்ச எடை 1030 கிலோ, அதிகபட்ச சக்தி 500 கிலோவாட் என்பவை தொடக்கப் புள்ளிகள். பிஓபி அவற்றிலிருந்து மேலும் கீழும் நகர்த்தும். சாளரத்தின் ஓர் ஓரத்தை ஒட்டி, எடுத்துக்காட்டாக மிகக் குறைந்த டிராக்கோடு ஒரு காரை வடிவமைத்தால், 24 மணி நேரப் பந்தயம் நடக்கும், நீண்ட நேர்கோடுகள் உள்ள பிரான்சின் லெமான் போன்ற தடத்தில் அது எல்லோருக்கும் முன்னால் பறக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த ஆதாயம்தான் அளப்பதற்கு மிக எளிதானது.

2024 லெமான் பந்தயத்தில், குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல் ஒவ்வொரு காருக்கும் அனுமதிக்கப்படும் சக்தியைத் தனியாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் முறை வந்தது. இதன் பின்னுள்ள இயற்பியலை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆகவே 330 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒரு காரின் சக்தியை ஒரு சதவீதம் மாற்றினால் அதன் உச்ச வேகம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான் மாறும். சாளரத்தின் ஓரத்தில் நிற்கும் காரைச் சரிக்கட்ட அதிகாரிகள் சக்தியை இன்னும் பெரிய அளவில் நகர்த்த வேண்டியிருக்கும் என்பதே இதன் பொருள். அப்படிச் சரிக்கட்டப்பட்ட கார் ஒரு தடத்தில் சமமாகவும் அடுத்த தடத்தில் வெகுவாகப் பின்தங்கியும் நிற்கும். நடுவில் நிற்கும் காரைத் தடத்துக்குத் தடம் குறைவாகத் திருத்தினால் போதும். அந்த நிலைத்தன்மையே ஒரு பருவம் முழுவதற்குமான ஆதாயம்.

பியூஜோ 9எக்ஸ்8 காரை இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 2022இல் மோன்சாவில் அறிமுகமானபோது அதற்குப் பின் இறக்கையே இல்லை. மொத்த டவுன்ஃபோர்ஸ் எவ்வளவு என்பதைத்தான் விதி கேட்கிறது, அது எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்பதை அல்ல என்று அதன் பொறியாளர்கள் கண்டுகொண்டது துணிச்சலும் அழகும் கொண்ட சிந்தனை. ஆனால் அந்தக் கார் நான்கு சக்கரங்களிலும் ஒரே அகல டயர்களை, அதாவது 31 சென்டிமீட்டர் டயர்களைச் சுற்றிக் கட்டப்பட்டது; முன் சக்கரங்களுக்கு மின்மோட்டார் துணைநிற்கும் என்ற எதிர்பார்ப்பு அதற்கு அடிப்படை. அந்த மோட்டாரோ மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல்தான் இயங்க அனுமதிக்கப்பட்டது. மெதுவான வளைவிலிருந்து வெளியேறும்போது, நான்கு சக்கர இயக்கம் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில், அது கிடைக்கவில்லை. முன்னால் 29, பின்னால் 34 சென்டிமீட்டர் டயர்களோடு ஓடிய போட்டியாளர்களுக்குப் பின் சக்கரங்களில் பிடிப்பு அதிகம் இருந்தது. பழைய வடிவத்தில் அந்தக் கார் ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை. 2024இல் இமோலாவில் பின் இறக்கையும் 29, 34 டயர் அகலங்களும் கொண்ட புதிய வடிவம் வந்தது.

அதிகாரிகள் ஒரு வரியில் மாற்றிவிடக்கூடிய எண்ணின் மீது காரின் அடிப்படைக் கட்டமைப்பை நிறுத்தக் கூடாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. வடிவமைப்புக் கூட்டத்தில் ஒவ்வொரு பெரிய முடிவுக்கும் முன்னால், 'இந்த எண் நாளை பத்து சதவீதம் மாறினால் கார் என்ன ஆகும்?' என்று கேட்டு, சிமுலேஷனில் ஓட்டிப் பார்த்து, விடையை எழுதி வையுங்கள்.

எஞ்சின்: சக்தியைத் தவிர மற்ற எல்லாம்

ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரியின் சாலை வடிவத்தில் உள்ள 6.5 லிட்டர் வி12 எஞ்சின் ஏறத்தாழ ஆயிரம் குதிரைத்திறன் தரக்கூடியது. 2025இல் அதே கார் ஹைப்பர்கார் வகுப்புக்கு வந்தபோது, 500 கிலோவாட், அதாவது சுமார் 680 குதிரைத்திறன் என்ற எல்லைக்குள் அடங்க வேண்டியிருந்தது. சாலைக் காரைவிடப் பந்தயக் காருக்குச் சக்தி குறைவு. இந்த உலகத்தில் உச்ச சக்தியைத் தேடுவதில் பொருளே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் எஞ்சின் வளர்ச்சிக்கு வேலை இல்லை என்று ஆகிவிடாது. டார்க் சென்சார் வரையறுக்கும் சக்தி வளைவை எல்லோரும் தொடுவார்கள். அந்த வளைவை மீறாமல் அதை ஒட்டியே எவ்வளவு துல்லியமாக ஓட முடிகிறது என்பதில் அணிகள் வேறுபடும். வரம்பை மீறினால் தண்டனை; பயந்து ஒரு சதவீதம் கீழே ஓடினால் அது கையிலிருந்து கொடுத்த இழப்பு. ஆகவே கட்டுப்பாட்டு மென்பொருளும் சென்சாரை அளவீடு செய்யும் முறையும் முதல் வேலை. அடுத்தது எரிபொருள் சிக்கனம். ஒரு ஸ்டின்ட்டில், அதாவது எரிபொருள் நிரப்பும் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையிலான ஓட்டத்தில், சக்கரத்துக்குப் போகும் ஆற்றல் மெகாஜூல் கணக்கில் வரையறுக்கப்படும் தொடர்களில், அதே ஆற்றலைக் குறைந்த எரிபொருளிலிருந்து எடுக்கும் எஞ்சின், டேங்கில் குறைவாகச் சுமந்து, ஸ்டின்ட் தொடக்கத்தில் சில கிலோ இலகுவாக ஓடும். குளிர்விப்புத் தேவை குறைந்தால் ரேடியேட்டருக்கான காற்றுவழிகள் சிறுத்து, உடலமைப்பில் சுதந்திரம் கூடும். எஞ்சினைத் தாழ்வாகப் பொருத்த முடிந்தால் காரின் ஈர்ப்பு மையம் இறங்கும். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் அளவுக்கும் வரும் விசைக்கும் உள்ள உறவு சீராக இருந்தால் பின் டயர் பிழைக்கும்.

ஜிடி3 பக்கம் இன்னொரு நுட்பம் உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள கியாலாமி போன்ற தடத்தில் காற்று மெலிதாக இருப்பதால், இயற்கையாகக் காற்றை இழுக்கும் எஞ்சின் சக்தியை இழக்கும். டர்போ எஞ்சினால் அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்ட முடியும். அதிகாரிகள் இதை அறிவார்கள், திருத்துவார்கள். ஆகவே உங்கள் எஞ்சினின் நடத்தையை வெவ்வேறு காற்றழுத்தத்திலும் வெப்பநிலையிலும் அளந்து ஆவணமாக வைத்திருங்கள். அதிகாரிகளிடம் பேச வேண்டிய நாளில் அந்த ஆவணம்தான் பேசும்.

எடையை ஏற்கும் விதமாகக் கட்டுங்கள்

2023 லெமான் பந்தயத்துக்குச் சில நாட்களே இருந்தபோது டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24 கிலோ, காடிலாக்குக்கு 11 கிலோ, போர்ஷேவுக்கு 3 கிலோ என்று எடை கூட்டப்பட்டது. அந்தப் பந்தயத்தை ஃபெராரி 499பி வென்றது. டொயோட்டா இரண்டாவதாக வந்தது. அந்த முடிவு நியாயமா என்ற விவாதம் இங்கே நமக்குத் தேவையில்லை. ஒரு வடிவமைப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: என் காரில் நாளைக் காலை 37 கிலோ சேர்த்தால் அது எங்கே போகும்?

ஒரு சிறு கணக்கு. 1030 கிலோ காரில் 20 கிலோ கூடினால் எடை ஏறத்தாழ இரண்டு சதவீதம் உயர்கிறது. எடைக்கும் சக்திக்குமான விகிதத்தைப் பழையபடி நிறுத்த 10 கிலோவாட் கொடுத்தால் போதும் என்று காகிதத்தில் தோன்றும். ஆனால் 300 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு வேகத்தைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த 20 கிலோவுக்காக மட்டும் சுமார் 62 கிலோஜூல் வெப்பத்தை பிரேக்குகள் கூடுதலாக விழுங்க வேண்டும். வளைவில் டயர்கள் கூடுதல் பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும். கூடுதல் சக்தி இந்த இரண்டில் எதையும் திருப்பித் தராது. ஆகவே பிரேக் குளிர்விப்பையும் டயர் சுமையையும் கணக்கிடும்போது, காரின் தொடக்க எடைக்கு அல்லாமல், பிஓபியில் நீங்கள் எதிர்பார்க்கும் மிக அதிகமான எடைக்குக் கணக்கிடுங்கள். 2024 சாவ் பாவ்லோ பந்தயத்தில் ஃபெராரி தன் 499பி காருக்குக் கொண்டுவந்த மேம்பாட்டில் பிரேக் குளிர்விப்புக் காற்றுவழிகள் இடம்பெற்றதைப் பார்க்கும்போது, வென்ற காருக்கும் இந்த மூலை எவ்வளவு முக்கியம் என்பது தெரிகிறது.

பேலஸ்ட் எனப்படும் கூடுதல் எடையை வைக்கும் இடம் பல வகுப்புகளில் ஹோமோலகேஷன் (காருக்கான அதிகாரபூர்வ அங்கீகாரம்) ஆவணத்திலேயே குறிக்கப்படும். அதனால் முதல் வரைபடத்திலேயே தரைத்தளத்தை ஒட்டி, காரின் மையத்துக்கு அருகில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். அந்த இடத்தில் பத்து கிலோ கூடினாலும் முன், பின் எடைப் பகிர்வு அதிகம் மாறாது; ஓட்டுநருக்குக் கார் சற்று மந்தமாகத் தெரியுமே தவிர, புதிய கார் போலத் தெரியாது. பின் மூலையில் கிடைத்த இடத்தில் வைத்தால், ஒவ்வொரு அறிவிப்புக்குப் பின்னும் ஸ்பிரிங், டேம்பர் அமைப்புகளை முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். இதில் மிச்சமாகும் சோதனை நேரம் சிறிய அணிக்குப் பெரிய செல்வம்.

டயர்தான் உண்மையான களம்

இந்த வகுப்புகளில் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே நிறுவனத்தின் டயர்தான்: ஹைப்பர்காருக்கு மிஷெலின், எல்எம்ஜிடி3க்கு குட்இயர், ராட்டெலின் எஸ்ஆர்ஓ நிறுவனம் நடத்தும் ஜிடி3 தொடர்களுக்கு பிரெல்லி. டயர் பொதுவாக இருப்பதாலேயே அதை யார் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது வெற்றியைத் தீர்மானிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. முதல் கார் புதிய டயரில் இரண்டாவது காரைவிடச் சுற்றுக்கு 0.3 நொடி வேகம். ஆனால் 25 சுற்றுகள் கொண்ட ஸ்டின்ட்டின் முடிவில் அது 1.5 நொடியை இழந்துவிடுகிறது. இரண்டாவது கார் 0.6 நொடியைத்தான் இழக்கிறது. இழப்பு சீராக நடக்கிறது என்று கொண்டால், முதல் காரின் சராசரி இழப்பு 0.75 நொடி, இரண்டாவதற்கு, தொடக்கத்தில் இருந்த 0.3 நொடி பின்னடைவையும் சேர்த்து 0.6 நொடி. ஆக, இரண்டாவது கார் சராசரியாகச் சுற்றுக்கு 0.15 நொடியும் ஒரு ஸ்டின்ட்டுக்கு 3.75 நொடியும் முன்னேறுகிறது. சிறந்த சுற்று நேரங்களை வைத்துச் சமன்படுத்தும் முறையில், தண்டிக்கப்படுவது முதல் கார். சராசரியையும் சேர்த்துப் பார்க்கும் முறையில்கூட, தேய்மான வேறுபாட்டில் காரின் பங்கு எவ்வளவு, ஓட்டுநரின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். வளர்ச்சிப் பணத்தின் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2023இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர் இந்த எண்ணத்தை உலோகத்தில் காட்டுகிறது. பின்புறம் எஞ்சின் வைத்த காரின் நிரந்தரச் சிக்கல் பின் டயர்கள் சுமக்கும் பாரம். அந்தக் காரில் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை 2459 மில்லிமீட்டரிலிருந்து 2507 மில்லிமீட்டராக நீட்டினார்கள். பின் டயர்களின் சுமை குறைந்தது. எஞ்சினை 5.5 டிகிரி முன்னோக்கிச் சாய்த்து, அதனடியில், காருக்குக் கீழே ஓடும் காற்றைப் பின்னால் விரித்து வெளியேற்றும் டிஃப்யூசருக்கு இடம் எடுத்தார்கள். எஞ்சினின் கொள்ளளவை 4.2 லிட்டராக உயர்த்தியதும் உச்ச சக்திக்காக மட்டும் அன்று. சுழல்வேகம் குறைவாக இருக்கும்போதே விசை சீராகக் கிடைத்தால் ஓட்டுநர் பின் டயரை வதைக்காமல் வளைவிலிருந்து வெளியேறலாம். பிஓபி இந்தக் காரின் சக்தியையும் எடையையும் எத்தனை முறை மாற்றினாலும், அந்த 48 மில்லிமீட்டரை யாரும் திரும்ப எடுக்க முடியாது.

குளிர்ந்த டயரின் முதல் சுற்றையும் மறக்க வேண்டாம். உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் 2023இல் டயர் சூடேற்றும் கருவிகள் தடை செய்யப்பட்டபின், அந்த ஆண்டு லெமானுக்கு மட்டும் விலக்கு தரப்பட்டாலும், பிட்டிலிருந்து வெளியே வந்த முதல் சில நிமிடங்கள் மிகப் பெரிய வேறுபாட்டைக் காட்டத் தொடங்கின. இதற்கெனத் தனிச் சோதனை நாட்களை ஒதுக்குங்கள். அதிகாலைக் குளிரில், பழைய பிரேக் டிஸ்க்கோடு, முழு எரிபொருளோடு ஓட்டிப் பாருங்கள். டயரை மெதுவாகச் சூடாக்கும் கார் பொதுவாக அதை நீண்ட நேரம் காக்கவும் செய்யும். இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்பது என்பதை உங்கள் தொடரின் ஸ்டின்ட் நீளம் தீர்மானிக்கும்.

காற்று, ஓட்டுநர், ஸ்பேனர்

ஏரோடைனமிக்ஸில் விண்ட் டனல் அளவீடு காரின் மொத்த எண்களைப் பிடித்துவிடும். ஹைப்பர்கார்களின் அளவீட்டுக்கு சுவிட்சர்லாந்தின் சௌபர் டனலும் அமெரிக்காவின் விண்ட்ஷியர் டனலும் பயன்பட்டு வந்துள்ளன. பந்தயத்தில் கார் அந்த டனலில் நின்றது போல நிற்பதில்லை: பிரேக் பிடிக்கும்போது மூக்கு இறங்குகிறது, வளைவில் காற்று பக்கவாட்டில் வருகிறது, மெதுவான வகுப்புக் கார்களின் பின்னால் கலைந்த காற்றில் ஓட வேண்டியிருக்கிறது. இந்த மாற்றங்களின்போது டவுன்ஃபோர்ஸ் திடீரென்று விழாமல் மெதுவாகக் குறையும் காரை உருவாக்குங்கள், உச்ச எண் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. குறைந்தபட்ச உயரத்தை பிஓபி ஐந்து மில்லிமீட்டர் ஏற்றினால் உங்கள் காருக்கு என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே வரைந்து வையுங்கள். தரைக்கு மிக அருகில் மட்டுமே வேலை செய்யும் ஸ்பிளிட்டர், அதாவது காரின் முன்னால் தாழ நீண்டிருக்கும் தகடு, அன்று உங்களைக் கைவிடும்.

எல்எம்ஜிடி3இல் ஒவ்வொரு அணியிலும் குறைந்தது ஒரு வெண்கலத் தர ஓட்டுநர் இருக்க வேண்டும். அவர் பெரும்பாலும் தொழில்முறை ஓட்டுநர் அல்லர். பல நேரங்களில் காருக்குப் பணம் கொடுப்பவரும் அவரே. தொழில்முறை ஓட்டுநர் பத்தில் ஒரு நொடி முன்னேறும் மாற்றத்தையும், வெண்கலத் தர ஓட்டுநர் ஒரு நொடி முன்னேறும் மாற்றத்தையும் அருகருகே வைத்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் சந்தேகமே வரக் கூடாது. ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல் இரண்டும் ஜிடி3இல் அனுமதிக்கப்பட்டவை. அவற்றின் நிலைகளுக்கு இடையிலான இடைவெளி சீராக இருக்கிறதா, ஓட்டுநர் இருக்கையிலிருந்து முன் வளைவு தெளிவாகத் தெரிகிறதா, காருக்குள் வெப்பம் தாங்கும் அளவில் இருக்கிறதா என்பவை சிறிய விஷயங்கள் அல்ல.

பழுது நீக்கும் வசதியும் அப்படியே. ஃபெராரி 296 ஜிடி3 காரின் முன், பின் பகுதிகளை விரைவாகக் கழற்றி மாற்றும்படி வடிவமைத்தார்கள். ஸ்பா, நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயங்களில் ஒரு சிறு உரசலுக்குப் பின் மூன்று நிமிடம் மிச்சமானால், அது இரவு முழுவதும் தேடினாலும் தடத்தில் கிடைக்காத மூன்று நிமிடம்.

ஹோமோலகேஷன் கதவு மூடும் முன்

கார் அங்கீகரிக்கப்பட்டபின் அது உறைந்துவிடும். ஹைப்பர்கார் தயாரிப்பாளர்களுக்கு ஹோமோலகேஷன் காலம் முழுவதற்குமாக ஐந்து 'எவோ ஜோக்கர்' மேம்பாடுகள்தான் வழங்கப்பட்டன. ஜிடி3இல் பிஎம்டபிள்யூ எம்4 2022இல் வந்து 2025இல் எவோ வடிவம் பெற்றது. 2023இல் வந்த போர்ஷே, ஃபெராரி கார்களுக்கு 2026க்கென எவோ வடிவங்கள் அறிவிக்கப்பட்டன. ஆக, முதல் நாள் கார் எப்படி இருக்கிறதோ ஏறத்தாழ அப்படியே மூன்று ஆண்டுகள் ஓட வேண்டும். அறிமுகத்தை ஆறு மாதம் முன்னே தள்ளுவதைவிட, அந்த ஆறு மாதத்தை நீண்ட ஓட்டச் சோதனைகளுக்குக் கொடுப்பதே நல்லது. ஜோக்கரை வேகத்துக்காகச் செலவிட்டால் பிஓபி அதைத் தின்றுவிடும்; பிரேக் வெப்பம், டயர் சமநிலை, காற்று மாற்றங்களுக்குக் கார் காட்டும் பதற்றம் போன்ற நிரந்தரக் குறைகளை நீக்கச் செலவிட்டால் அது நிலைக்கும்.

சோதனை ஓட்டங்களில் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, வேகத்தை மறைத்து, பிஓபியில் சலுகை வாங்கிக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. அதைக் கேட்காதீர்கள். டார்க் சென்சாரும் பகுதி நேரங்களும் வந்தபின் மறைப்பது கடினம். பிடிபட்டால் தண்டனை கடுமையானது. அதைவிடப் பெரிய கேடு, மறைத்து ஓடிய சோதனையிலிருந்து உங்களுக்கே உண்மையான தரவு கிடைக்காமல் போவது. கார் முழு வேகத்தில் டயரை என்ன செய்கிறது என்று தெரியாத அணி பந்தய நாளில் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும். உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்பின் விதிகள், பிஓபியைத் தங்கள் பக்கம் திருப்ப முயல்வதையும் அதைப் பற்றிப் பொதுவெளியில் கருத்துச் சொல்வதையும் தயாரிப்பாளர்களுக்குத் தடை செய்கின்றன. உங்கள் வாதம் எதுவானாலும் அதை அளவீடுகளாக, உரிய அதிகாரிகளிடம், நேரத்தோடு கொடுங்கள்.

பந்தய வாரத்துக்கான அறிவிப்பு வந்ததும் செய்ய வேண்டிய வேலையும் முன்பே தயாராக இருக்க வேண்டும். உங்கள் காரின் சிமுலேஷன் மாதிரியில் எடை, சக்தி, உயரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அந்தத் தடத்தில் சுற்று நேரம், டயர் ஆற்றல், எரிபொருள் செலவு எவ்வளவு மாறும் என்ற பட்டியலை ஒவ்வொரு தடத்துக்கும் தயாரித்து வையுங்கள். புதிய எண்களை அதில் போட்டுப் பார்த்து, பிரேக் காற்றுவழி, டேம்பர், டிராக்‌ஷன் கண்ட்ரோல் நிலைகள் ஆகியவற்றின் தொடக்க அமைப்பை முடிவு செய்துகொண்டு தடத்துக்குப் போங்கள். போட்டியாளர்களுக்கு வந்த எண்களையும் அதே மாதிரியில், தோராயமாகவாவது ஓட்டிப் பாருங்கள். பந்தயம் முடிந்த மறுவாரம் மாதிரி சொன்னதையும் தடத்தில் நடந்ததையும் ஒப்பிட்டு, எங்கே விலகியது என்று கண்டு மாதிரியைத் திருத்துங்கள். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அந்தத் திருத்தம் முடிந்திருக்க வேண்டும்.